புதன்கிழமை வகுப்பு நடத்திய லேபர் சார்

சிவகாசியில் நான் இப்போது வேலை பார்க்கும் அச்சகத்தில், அடுத்த வருடக் காலண்டர் படங்கள் மை காய்வதற்காக வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நல்ல வெயில். ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் அந்தத் தாள்களில் பட்டு, அறை முழுவதும் நிறமாக மிதந்தது. விஸ்வநத்தத்திலிருந்து தாள்கட்டு ஏற்ற வந்த லாரி டிரைவர் வாசலிலேயே நின்றார். “அண்ணாச்சி, லேபர் சார் காலைல தவறிட்டாக” என்றார். தாள்கள் அசைவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பெயர் அருணகிரி. ஐம்பதுகளின் கடைசியில், நான் ஃபோர்மேனாக இருந்த பட்டாசுக் கம்பெனிக்குத் தொழிலாளர் நல அதிகாரியாக வந்தார். பெரிய ஆலைகளில் அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அவருக்கு என்ன வேலை என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஒல்லியான மனிதர், மெதுவாக நடப்பார். முதல் வாரம் முழுவதும் அறை அறையாகப் போய், திரி சொருகும் பெண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அலுமினியத் தூள் அப்பி அந்தக் கைகள் மினுமினுக்கும். “இந்தக் கை பத்திரமா வீடு போய்ச் சேரணும். அதுதான் என் வேலை” என்று என்னிடம் சொன்னார். நான் சிரித்துவிட்டேன்.

புதன்கிழமைதோறும் ஒரு மணி நேரம் பயிற்சி வகுப்பு என்று அறிவித்தார். வெடிமருந்தை எப்படிக் கையாள்வது, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் போவது என்பதெல்லாம் பாடம். முதல் புதன்கிழமை நான்கு பேர் வந்தார்கள். செய்த உருப்படிக்குத்தான் கூலி; வகுப்பில் உட்கார்ந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. “அய்யா, நீங்க நல்லதுதான் சொல்றீக. ஆனா அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கு அடுப்புல எரியிற வெறகு” என்று ஒரு பெண் அவரிடமே சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. மறுநாள் முதல் சைக்கிளை எடுத்துக்கொண்டு விஸ்வநத்தம், அச்சங்குளம் என்று தொழிலாளர்களின் கிராமங்களுக்குப் போகத் தொடங்கினார். சாயங்காலங்களில் கரிசல் காட்டு ஒற்றையடிப் பாதையில் அந்த வெள்ளைச் சட்டை மட்டும் தனியாக நகர்ந்துபோவதைக் கம்பெனி வாசலிலிருந்து பார்ப்பேன். எங்கே போகிறார், என்ன பேசுகிறார் என்று தெரியாது. ஒரு மாதம் கழித்து முதலாளியின் அறைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

“ஊர்க் கிணறு அம்புட்டும் உப்பு, முதலாளி. நம்ம கம்பெனிக் கிணறு நல்ல தண்ணி. புதன்கிழமை வகுப்புக்கு வந்தவுகளுக்கு ஆளுக்கு ரெண்டு குடம் தண்ணி, லோடு இறக்கிட்டுத் திரும்புற லாரியில அனுப்புவோம்.”

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “படிக்க வந்ததுக்குத் தண்ணியா?”

“தண்ணி குடுத்தா வருவாக. வந்தா உசிரோட இருப்பாக.”

கூலி கேட்பார் என்று எதிர்பார்த்திருந்த முதலாளி, தண்ணீர்தானே என்று தலையசைத்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை கம்பெனி வாசலில் குடங்கள் வெயிலில் பளபளத்தன. என் மனைவி முத்துலட்சுமியும் திரி அறையில் வேலை பார்த்தாள்; அவளும் இரண்டு குடங்களோடு போய் உட்கார்ந்தாள். பிறகு, கம்பெனியில் வேலை பார்க்காத ஊர்க்காரர்களையும் அவர் வரச் சொன்னார். அவர்கள் எதற்கு என்று கேட்டேன். “வெடிச் சத்தம் கேட்டா முதல்ல ஓடி வாரது அவுகதான், ஃபோர்மேன். பிள்ளைய தேடி நேரா நெருப்புக்குள்ள ஓடுவாக” என்றார்.

வகுப்பின் முடிவில், அபாய மணியாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். உடனே எல்லாரும் ஓடாமல், கத்தாமல், மேற்கே இருந்த பருத்திக் காட்டுக்குள் போய் நிற்க வேண்டும். அவர் பெயர்களைப் படிக்க, ஒவ்வொருவராக “இருக்கேன்” என்பார்கள். இளம்பச்சைச் செடிகளுக்கு நடுவே அத்தனை பேர், சேலைகள் காற்றில் அசைய, பேச்சில்லாமல் நிற்பது ஏதோ கனவில் வரும் காட்சி போல இருக்கும். நான் மட்டும் அங்கே போனதில்லை; வாசலிலிருந்தே பார்ப்பேன். எனக்குத் தெரியாத மருந்தா, தெரியாத நெருப்பா என்ற எண்ணம். “நாடகம் முடிஞ்சதா?” என்று வீட்டில் கேலி செய்வேன்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு பகலில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. நான் குடோன் பக்கம் நின்றிருந்தேன். புகை எழுந்த இடத்துக்குப் பக்கத்து அறை முத்துலட்சுமியின் அறை. வேறு எதுவும் தோன்றவில்லை. நேராக அதை நோக்கி ஓடினேன். பின்னாலிருந்து யாரோ என் இடுப்பைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி மேலே விழுந்தார்கள். இரண்டாவது வெடிப்பு எங்கள் தலைக்கு மேலே போயிற்று. அதன் பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. வண்ணக் காகிதத் துணுக்குகள் வானத்திலிருந்து நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தன. என் மேலே கிடந்த அருணகிரியின் இடது காதிலிருந்து ரத்தம் வழிந்தது. “அங்கன நிக்காக, பாருங்க” என்று மேற்கே கை காட்டினார். பருத்திக் காட்டில் எல்லாரும் நின்றிருந்தார்கள். முத்துலட்சுமியும் நின்றிருந்தாள். தண்டவாளச் சத்தம் கேட்டதை நான் உணரவே இல்லை.

அவர் தள்ளாடியபடி காட்டுக்குள் போய்ப் பெயர்களைப் படித்தார். அப்போது அவருக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அதைப் புரிந்துகொண்ட முத்துலட்சுமி பக்கத்தில் போய் நின்றாள். ஒவ்வொரு “இருக்கேன்”-க்கும் அவர் கையைத் தொட்டாள். அவர் அடுத்த பெயருக்குப் போனார். மருந்து அறையில் இருந்த மாடசாமியின் பெயர் வந்தது. அவள் தொடவில்லை. இன்னொரு முறை படித்தார். மூன்றாவது முறையும் படித்தார். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

மாடசாமியின் காரியம் முடிந்ததும் முதலாளியே அவரைக் கூப்பிட்டார். இனி வகுப்பு நேரத்துக்கும் கூலி உண்டு என்றார். அருணகிரி நன்றி சொல்லிவிட்டு, “தண்ணியையும் நிறுத்த வேண்டாம், முதலாளி” என்றாராம்.

அதற்கடுத்த புதன்கிழமை நான் போய்ப் பாயில் பெண்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். “வாங்க, ஃபோர்மேன்” என்றார், அவ்வளவுதான். அவர் என் உயிரைக் காப்பாற்றியதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. ஒருமுறை நானே அந்தப் பேச்சை எடுத்தபோது, “மாடசாமியப் பிடிக்க முடியலையே” என்று மட்டும் சொன்னார்.

விருதுநகரில் அவர் வீட்டுக்கு நேற்று போயிருந்தோம். விஸ்வநத்தத்திலிருந்தும் அச்சங்குளத்திலிருந்தும் ஆட்கள் வந்து தெருவை நிறைத்திருந்தார்கள். மாடசாமியின் மனைவி அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அலறவில்லை.

அவருடைய இடது காது கடைசி வரை கேட்கவில்லை. யாராவது பேச வந்தால் தலையைச் சாய்த்து, வலது காதை அவர்கள் பக்கம் கொடுத்து, சொல்லி முடிக்கும் வரை அசையாமல் இருப்பார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. அச்சகத்தில் யாராவது குறை சொல்ல வந்தால் என் தலை தானாகச் சாய்கிறது. “உங்களுக்குக் காது கேக்காதா?” என்று புதிதாக வந்த ஒரு பெண் கேட்டாள். “கேக்கும், சொல்லுங்க” என்றேன்.