மடிப்பைப் பிரிக்காத துணி

தம்பிக்குத் தெருவில் பெயரே மெழுகு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் சாயப்பட்டறைக்குப் போனவன், முழங்கையில் காய்ந்த மெழுகுப் பொட்டு இல்லாமல் வீடு திரும்பியதில்லை. துணியில் மெழுகால் கோலம் எழுதிச் சாயத்தில் முக்குவான். பிறகு கொதிநீரில் மெழுகை உருக்கி எடுத்தால், மெழுகு இருந்த இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும். அதுதான் பாத்திக். ஒரு சொட்டுச் சாயத்தைப் பார்த்தே, காய்ந்தபின் என்ன நிறம் வரும் என்று சொல்லிவிடுவான். பட்டறையில் கூட வேலை பார்த்தவளையே கட்டிக்கொண்டு, வீட்டின் பின்னால் சொந்தமாக இரண்டு தொட்டி வைத்தபோது, "என் தம்பி முதலாளி ஆயிட்டான்" என்று அக்கா கடைகடையாகச் சொல்லிவிட்டு வந்தாள். மீந்த துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வையாகத் தைத்தது அக்காதான்.

தம்பி மனைவி போய் ஒன்பது வாரமாகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அவன் அழவும் இல்லை, வேலையை நிறுத்தவும் இல்லை. வைத்ததைச் சாப்பிட்டான். கடைக்காரர் "மெழுகு, துணி எப்ப தருவே?" என்றால் "புதன்கிழமை" என்பான். புதன்கிழமை கொடுத்தும்விடுவான்.

இந்த ஒன்பது வாரத்தில் அவனாகக் கேட்டது ஒன்றே ஒன்று.

"அக்கா, அவ கடைசியா சாயம் போட்ட துணி இருக்கு. அதுல எனக்கு ஒரு போர்வை தச்சுக் குடு."

மூன்று மீட்டர். மயில்கழுத்து நிறம். அந்தக் கலவை அவள் தலைக்குள் மட்டுமே இருந்தது. இனி ஒரு முழம்கூட வராது.

சாய்ந்த கட்டங்களாக வெட்டலாம் என்று அக்கா முடிவு செய்தாள். எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும். எந்தத் துணியையும் பிரித்து, தேய்த்து, ஒற்றையாக விரித்துத்தான் வெட்டுவாள். அன்று நான்காக மடித்திருந்ததை அப்படியே மேசையில் வைத்து வெட்டினாள். கடைசி வெட்டும் முடிந்து கத்தியைக் கீழே வைத்தபோதுதான் உறைத்தது. நான்கடுக்கில் இரண்டு அடுக்கு குப்புறக் கிடந்தன. நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் சாயும். அப்படியே தைத்தால் முதுகு தெரியும். தம்பி துணியின் முதுகு அவளுக்குத் தெரியாததா? கோலமெல்லாம் கலங்கிப்போயிருக்கும். மேல் துண்டைத் தூக்கிப் பார்க்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

"டேய், இங்க வா. பிரிக்காம வெட்டிட்டேன்டா. பாதி குப்புற விழுந்துருச்சு."

"நீயா? பழைய பேப்பரக்கூட அளந்து கிழிக்கிற ஆளாச்சே." குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. "ஏன் பிரிக்கலை?"

"மடிச்சது அவடா."

அவன் மேசைக்கு வந்தான். மேல் துண்டை எடுத்தான். அடியிலிருந்ததையும் எடுத்தான். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டிலும், இரண்டு பக்கமும், ஒரே கோலம், ஒரே தெளிவு.

"ரெண்டு பக்கமும் மெழுகு எழுதியிருக்கா" என்றான். "ஒரு பக்கம் போதும்டி, முதுகை யாரு பாக்கப் போறான்னு திட்டுவேன். நீங்க ஒரு பக்கம் மட்டும்தான் குளிப்பீங்களோன்னு கேப்பா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் சிரிக்கவில்லை.

"நெருக்கமா நெய்த துணி. இந்தத் தடி ஊசியைத் தாங்காது" என்று சொல்லி, மெஷினில் மெல்லிய ஊசியை அவனே மாட்டினான். எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுத்தான். இரண்டு வரிசை வரை, "இது எந்தப் பக்கம்டா?" என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

வெளிச்சம் குறையும்போது நான்கு வரிசை முடிந்திருந்தது.

"இதுல குப்புற விழுந்தது எது?" என்று கேட்டான்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தையல் தையலாகத் தடவிப் பார்த்தாள்.

"தெரியலைடா."

"சரி" என்று அடுத்த துண்டை நீட்டினான்.