கம்பி சுற்றிய துப்பாக்கிக்காகக் கொட்டச்சேடு வரை

பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கிறேன். சுட முடியாதபடி பீப்பாயில் துளை போட்டவை மட்டும்தான். சட்டமும் மனைவியும் அதற்கு மேல் அனுமதிப்பதில்லை. சென்ற ஜனவரியில் ஏற்காடு மலையிலுள்ள ஒரு காப்பி எஸ்டேட்டிலிருந்து, விற்பனைக்கு என்று ஒரு படம் வந்தது. த்ரீ நாட் த்ரீ ரைபிள், முன்பாதியில் நெருக்கமாகச் சுற்றிய தாமிரக் கம்பி. இரண்டாம் உலகப் போரில் இத்தகைய ரைபிளின் முனையில் இரும்புக் கிண்ணம் மாட்டி, கையெறி குண்டைத் தொலைவுக்கு வீசினார்கள். அந்த உதைப்பில் கட்டை பிளக்காமலிருக்கத்தான் கம்பி. பத்து வருடமாக நான் தேடிக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமையே சேலத்தில் காலை 6.40 பஸ். இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றேகால் மணி நேரம். (சாப்பாட்டை ஏற்காட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஏறும் முன் வேண்டாம்.) அங்கிருந்து கொட்டச்சேட்டுக்குச் சுமார் பத்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். காப்பிக்கொட்டை வாங்க வந்தீர்களா என்று டிரைவர் கேட்டார். துப்பாக்கி வாங்க என்றேன். அதன்பின் எஸ்டேட் வாசல் வரை அவர் சாலையைவிடக் கண்ணாடியில் என்னைத்தான் அதிகம் பார்த்தார்.

ஆபீஸ் அறைக்குள் நுழைந்தேன். மேசைமேல் ரைபிள். எஸ்டேட் ரைட்டர் குமரேசன் குறடால் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தார். மூன்று சுற்று ஏற்கெனவே போய்விட்டது.

"படத்துல நொம்ப அசிங்கமா இருந்துச்சுங்க. அத்தன தூரம் வர்றீங்களேன்னு பளபளன்னு ஆக்கச் சொன்னேன்" என்றார் உரிமையாளர் சரோஜா.

குறடின் மேல் கையை வைத்தேன். கம்பி எதற்கு என்று சொன்னால், தரமாட்டேன் என்று அவர் மனம் மாறலாம். சொல்லாவிட்டால் கம்பி போய்விடும். சொல்லிவிட்டேன்.

சரோஜா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். பர்மாவில் போரிட்ட அவருடைய மாமனார், அங்கே தான் ஏந்தியது மாதிரியே இருக்கிறதென்று பிற்காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய பயிற்சித் துப்பாக்கி ஏலத்தில் இதை வாங்கியிருக்கிறார்.

"துப்பாக்கியில குண்டு எறிஞ்சேன்னு சொல்லுவாருங்க. ஊட்டுல எல்லாருஞ் சிரிப்போம். நானுஞ் சிரிச்சிருக்கறேன்."

குமரேசன் உள்ளே போய், ரப்பர் ஸ்டாம்புகள் போட்டுவைத்திருந்த ஓர் இரும்புக் கிண்ணத்தைக் கொட்டிவிட்டு எடுத்து வந்தார். முனையில் வைத்துத் திருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. சரோஜா அதை நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

"துப்பாக்கிய நீங்க கொண்டுபோங்க. கிண்ணம் இங்கயே இருக்கட்டும். அவரு சொன்னது நெசம்னு பேரப் புள்ளைங்களுக்குக் காட்டோணும்."

சேகரிப்பவனுக்கு இது பெரிய நஷ்டம். குப்பனூர் சாலை வழியாகச் சேலத்துக்கு இறங்கும்போது ஒரு தடவைகூட அப்படித் தோன்றவில்லை. வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடியே இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: துளைபோட்டதற்கான சான்றும் காவல்துறைக் கடிதமும் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். திரும்பும்போது கையில் துப்பாக்கியோடு பஸ் வேண்டாம், கார் பிடியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சுத்தம் செய்து வைக்கிறோம் என்று யாராவது போனில் சொன்னால், காலில் விழுந்தாவது தடுத்துவிடுங்கள்.