கோழிப்பண்ணைக் கூரையில் அம்மாசி

அம்மாசி டீ சொன்னால் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். "ஏனுங்க, சக்கரை கம்மியா ஒண்ணு!" அவர் கேட்பது ஒரு கை தூரத்தில் நிற்கும் டீக்கடைக்காரரிடம்தான். குரல் போய்ச் சேருவது சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உரக்கடைக்கு. கடைக்காரர் வாயைத் திறக்காமல் கிளாஸை நீட்டுவார். அம்மாசி முதல் வாய் குடிப்பதற்கு முன் கடையின் ஃப்ரிட்ஜ் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "கம்ப்ரசர் திணறுதுங்க, கேஸ் பாருங்க" என்பார். யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் சொன்ன மறுவாரம் ஐஸ்கிரீம் எல்லாம் உருகிப் போனது உண்மை.

ஐம்பதைத் தாண்டிய ஆள். மாட்டுவண்டி நுகத்தடி போல நேரான தோள்கள். வாலிப வயது முழுவதும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் போர்வெல் போடப் போனவர். ஒரிசா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று எங்கெல்லாம் பாறை இருந்ததோ அங்கெல்லாம் போயிருக்கிறார். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று காது கெட்டுவிட்டது. "ரெண்டு காதையும் மத்தியப் பிரதேசத்துல உட்டுப்போட்டு வந்துட்டனுங்க" என்பார், குடையை மறந்து வைத்துவிட்டு வந்தவர் மாதிரி. காது போனதும் ரிக் முதலாளிகள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அதில் அவருக்குப் பெரிய கோபம் எதுவும் இல்லை. "கூப்புட்டாலும் எனக்குக் கேக்காதுங்களே!"

நான் அவரை முதலில் பார்த்தது மோகனூர் சாலையில் உள்ள அரசுப் பயிற்சி மையத்தில். கீழ்த்தளத்தில் வீட்டில் கிடக்கும் நோயாளிகளைப் பராமரிப்பது எப்படி என்று பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். மாடியில் சோலார் தகடு பொருத்தும் வகுப்பு. ஐ.டி.ஐ. முடித்த இளவட்டங்களுக்கு நடுவே அம்மாசி மட்டும் தலை நரைத்து உட்கார்ந்திருப்பார். படுக்கைப்புண்ணைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து, "சார், பிளஸ்ஸு எதுங்க, மைனஸ்ஸு எதுங்க?" என்று குரல் இடி மாதிரி இறங்கும். என் மாணவிகள் சிரிப்பார்கள். நானும் சில நாள் சிரித்தேன். பிறகு மனிதரை அரசு ஆஸ்பத்திரி முகாமுக்குக் கூட்டிப் போய்க் காதைச் சோதிக்க வைத்தேன். இலவசமாகவே காதுக்கருவி கிடைத்தது. அதைச் சட்டைப் பையில், மாத்திரை டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்.

"காதுல போடறதுக்குக் குடுத்தாங்களா, பையில போடறதுக்கா?" என்று கேட்டேன்.

"கூரை மேல காத்தடிச்சா உள்ளார விசிலூதுதுங்க நர்சம்மா."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி வசந்தாமணிக்கு இது போதும். "எனக்கு மாசாமாசம் உரிமைத்தொகை வருது, பஸ்ஸுல டிக்கெட்டில்லாமப் போறேன். இவருக்குக் கவர்மெண்டு குடுத்தது ரெண்டு பட்டாணி. அதையும் டப்பால போட்டு வெச்சிருக்காரு, முளைக்கும்னு!" அம்மாசி படிப்பதற்காகச் சம்பளமில்லாமல் இருந்த மாதங்களில் அந்தத் தொகையில்தான் அடுப்பு எரிந்தது. எனவே கிண்டல் செய்ய அவளுக்கு முழு உரிமை உண்டு.

மாடி வகுப்பில் வேறொன்றும் நடந்தது. ரிக் வண்டி ஓடும்போது யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அங்கே எல்லாம் கைதான். தூக்கு, இறக்கு, மெதுவாக, நிறுத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை. வாத்தியார் பலகைப் பக்கம் திரும்பினால் அம்மாசி பழக்க தோஷத்தில் கையால் பேசுவார். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சீக்கிரமே மொத்த வகுப்பும் வாத்தியார் முதுகுக்குப் பின்னால் கையாலேயே ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தது. இதில் கெட்டிக்காரி யாழினி. சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்த ஒருவனைப் பற்றி அவள் விரலால் சொன்ன ஒன்றுக்கு வகுப்பே குலுங்கியது. வாத்தியாருக்குக் காரணம் கடைசிவரை தெரியவில்லை.

பயிற்சி முடிந்ததும் நாமக்கல்லில் சோலார் வேலை எடுத்துச் செய்யும் கோகுல்ராஜ், அம்மாசி, யாழினி உட்பட இவர்களில் சிலரைச் சோதனையாக வேலைக்குச் சேர்த்துக்கொண்டான். சரியாகச் செய்தால் நிரந்தரம்; பி.எஃப். உண்டு, ஈ.எஸ்.ஐ. அட்டையும் உண்டு. மற்றவர்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள். அம்மாசி அட்டையைப் பற்றிக் கேட்டார். "ரிக்குல அடிபட்டா மொதலாளி மனசு வெச்சாத்தானுங்க ஆஸ்பத்திரி. அட்டை இருந்தா யாரு மனசும் வேணாமுங்களே." அந்த அட்டைக்காக மனிதர் எதையும் செய்யத் தயாராக இருந்தார்.

ஆனால் வந்த வேலை கோழிப்பண்ணையில்.

சின்னுசாமியின் பண்ணை பரமத்தி சாலையில் இருக்கிறது. அவருடைய தாயாருக்கு இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து நான் அங்கே போய் வருகிறேன். கோடையில் கோழி சாகாமல் இருக்க மின்விசிறி ஓயாமல் ஓட வேண்டும். அதற்கு டீசல் ஊற்றிக் கட்டுப்படியாகாமல் அரசு மானியத்தில் சோலாருக்கு எழுதிப் போட்டிருந்தார். ஷெட் காலியாக இருந்தபோதே கூரை மேல் இரும்புச் சட்டங்களைப் பொருத்திவிட்டார்கள். தகடுகள் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. அதற்குள் புதுக்கோழி இறங்கி முட்டையும் வைக்க ஆரம்பித்துவிட்டது. முட்டைக்கோழி திடீர்ச் சத்தத்துக்கு மிரளும். மிரண்டால் முட்டை குறையும். பண்ணையில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும்.

முதல் நாள் காலை. கீழே கயிறு கட்டிய தகடு, மேலே நாலு பேர். அம்மாசி கூரை விளிம்பில் நின்று மனதாரக் கத்தினார்: "ஏத்தேய்ய்ய்!"

நான் வீட்டுக்குள் அந்தப் பாட்டிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஷெட்டே பறந்து போகிறதோ என்று நினைத்தேன். ஆயிரக்கணக்கான இறக்கைகள் ஒரே நேரத்தில் கூண்டுக் கம்பியில் அடித்தன. கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்தேன். சின்னுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"இது பண்ணையா, மாட்டுச்சந்தையா? ஒரு வாரத்துக்கு முட்டை எறங்கிப் போகும், தெரியுமா? யாருய்யா கத்துனது?"

அவர் முகத்தைப் பார்த்தே கேள்வியைப் புரிந்துகொண்ட அம்மாசி நேர்மையாக ஒப்புக்கொண்டார். "நாந்தானுங்க!"

கோழிகள் இரண்டாம் முறை இறக்கை அடித்தன.

கோகுல்ராஜ் அவரைக் கீழே இறக்கினான். நல்ல பையன், திட்டவில்லை. "அம்மாசிண்ணா, நாளையிலிருந்து குடோனைப் பாத்துக்குங்க. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்." அந்த 'அப்புறம்' வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த அம்மாசிக்கும் தெரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

யாழினிதான் முன்னால் வந்தாள். "கோகுலண்ணா, தகடு ஏத்தறதுக்கு இவர மாதிரி கை யாருக்கும் ஓடாது. அம்மாசி சித்தப்பாவை மேலயே உடுங்க. வாயில்லாமப் பேசுவாரு."

"இவரா? வாயில்லாமயா?"

அவள் அம்மாசியின் பக்கம் திரும்பி விரல்களைச் சுழற்றினாள். அவர் பதிலுக்குச் சுழற்றினார். எங்கோ கடைசியில் நின்ற ஒருவன் உடனே போய்க் கயிற்றை அவிழ்த்தான். கோகுல்ராஜ் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். "நாளைக்கு ஒரு நாள். ஒரு சத்தம் வந்தாலும் அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அம்மாசி என்னிடம் வந்தார். பாட்டி படுத்திருந்த அறையாதலால், தன்னால் முடிந்த அளவு மெல்லக் கேட்டார். "நர்சம்மா, வாயைக் கட்டிக்கறதுக்குத் துணி இருக்குதுங்களா?" மெல்ல என்றால் பக்கத்து அறைக்குக் கேட்கும் அளவு. கட்டுத்துணி இரண்டு சுருள் கொடுத்தேன். "வாயை நீங்க பாத்துக்குங்க. இதை ஸ்பேனருக்குச் சுத்துங்க" என்றேன்.

மறுநாள் பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து ஜன்னலோரம் தள்ளிவிட்டேன். எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

ஸ்பேனருக்கெல்லாம் பஞ்சுபோலத் துணி சுற்றியிருந்தது. எல்லோரும் வெறுங்கால். அம்மாசி வாயைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். கட்டைவிரல் மேலே போனால் கீழே கயிறு நகர்ந்தது. உள்ளங்கை கவிழ்ந்தால் நிதானித்தது. முதல் தகடு ஏறி உட்கார்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஷெட்டுக்குள் கோழிகள் வழக்கம்போல முனகிக்கொண்டு தீவனம் கொத்தின. எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள், ஒரு சொல் இல்லை! பாட்டி என் கையைப் பிடித்து, "ஏன் சாமி, இவுங்க எல்லாரும் ஊமைங்களா?" என்றார்.

நண்பகலுக்கு முன் மேல்காற்று கிளம்பியது. பாதி ஏறிய தகடு பட்டம் மாதிரி திரும்பிக்கொண்டது. மேலே நின்ற பையன் வாயைத் திறந்துவிட்டான். சத்தம் வருவதற்குள் அம்மாசியின் முஷ்டி அவன் முகத்துக்கு நேரே நின்றது. நிறுத்து. எல்லோரும் சிலையானார்கள். அம்மாசி காற்றுக்கு முதுகைக் கொடுத்துத் தகட்டைத் தோளில் வாங்கினார். கழுத்து நரம்பு புடைத்ததை இங்கிருந்தே பார்த்தேன். அந்த வயதில் ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடாமல் இருக்க என்னால் முடியவில்லை. கீழே சின்னுசாமி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றார். காற்று தணிந்தது. அம்மாசியின் கட்டைவிரல் மறுபடி மேலே போனது.

வெயில் சாயும் முன் இணைப்பு முடிந்தது. இன்வெர்ட்டர் அறையிலிருந்து யாழினி வெளியே ஓடி வந்தாள். கத்த முடியாதல்லவா? முற்றத்து நடுவில் நின்று இரண்டு கையையும் வீசிக் குதித்தாள். சூரிய மின்சாரத்தில் ஷெட் விசிறிகள் சுற்றின. கூரை மேல் அம்மாசி இரு கைகளையும் குவித்து, மேலே உயர்த்தி, விரல்களைச் சடாரென்று விரித்தார். இந்தச் சைகை வகுப்பில் யாருக்கும் தெரியாது. பிறகு கேட்டேன். "அது போர்ல தண்ணி அடிச்சா காட்டறதுங்க நர்சம்மா. கிளாஸுல அதுக்கு வேலையே வரலீங்களே."

சின்னுசாமி கோகுல்ராஜின் தோளைப் பிடித்து இழுத்து, தன் பங்குக்குக் கிசுகிசுத்தார். "ரெண்டாவது ஷெட்டுக்கும் போட்டுருங்க. அந்தாளு மேல நிக்கோணும். அவரு இல்லாட்டி வேலையே வேணாம்."

கோகுல்ராஜ் அம்மாசி இறங்கி வரும்வரை காத்திருந்தான். அவர் முகத்துக்கு நேரே நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி மெல்லச் சொன்னான். "அண்ணா, ஒண்ணாந்தேதியிலிருந்து நீங்க பர்மனெண்ட்டு. அட்டை வந்துரும். ரெண்டாவது ஷெட்டும் நீங்கதான்."

அம்மாசி வாயில் கட்டிய துண்டை அவிழ்க்கவில்லை. டீ வந்துவிட்டது என்று யாழினி கையைக் காட்டினாள். அவர் பார்க்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த நீள ஏணியை, எந்த மூலையிலும் தட்டாமல், தூங்கும் குழந்தையை எடுப்பது போல எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். குதிகால் தரையில் படாமல் நுனிக்காலால் எட்டு வைத்து, இரண்டாவது ஷெட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.