பள்ளத்துக்கும் ஒரு படம்

ஷெட்டின் சிமெண்ட் தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காரின் கதவைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் தரகர். வயிறு தரையில் அழுந்தி மூச்சு இழுக்கிறது. அதற்காக எழுந்துவிடுகிற ஆள் இல்லை. மேலே வரிசையாக மாட்டிய டியூப் லைட்டின் வெளிச்சம் கதவின் மேல் ஒரே கோடாக ஓட வேண்டும். எங்கேயாவது நெளிந்தால் போச்சு. எழுந்து, ஏணி போட்டு, லைட்டை விரற்கடை நகர்த்தி, இறங்கி, மறுபடியும் தொப்பென்று விழுவார். தெருவில் அவருக்குப் பல்லி என்று பெயர். வைத்தது மனைவியின் தம்பி. "பேர் வெச்சியே மாப்ளே, பூச்சி யார் புடிச்சுக் குடுப்பா?" என்று கேட்டாரே தவிர, கோபப்படவில்லை.

பல வருஷமாகப் பழைய கார்களை வாயாலேயே விற்ற மனுஷன். எதிரில் ஆள் வந்து நின்றால் போதும், பேசியே பெட்ரோல் ஊற்றிவிடுவார். இப்போது ஆள் வருவதில்லை. வீட்டில் உட்கார்ந்து போனைத் தடவிப் பார்த்துவிட்டு, படம் பிடித்தால்தான் செருப்பை மாட்டுகிறான். "இந்தக் காலத்துல எவனும் காது குடுக்க மாட்டேங்கறான். கண்ணைத்தான் குடுக்கறான்" என்பது அவர் கண்டுபிடிப்பு. அவர் எடுத்த பழைய படங்களில் காருக்குப் பின்னால் குப்பைத் தொட்டி இருக்கும், முன்னால் பாதி நாய் இருக்கும். சில படத்தில் அவர் கட்டைவிரலும் இருக்கும்.

ஆகவே ஸ்டூடியோ. ஆனால் ஷெட் அவருடையதல்ல, மனைவியுடையது. ஜன்னலடியில் இரண்டு தையல் மிஷின் போட்டு அங்கேதான் தைத்துக்கொண்டிருந்தார் வீட்டுக்காரி. கெஞ்சி, கொஞ்சி, இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்து, கடைசியில் மிஷின்கள் சமையலறைக்குப் போகும் நடைக்கு இடம் மாறின. இப்போது தண்ணீர் குடிக்கப் போகிறவர் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போக வேண்டும். அதுவும் சும்மா கிடைக்கவில்லை.

"என் தம்பி காரை மாசக் கடைசிக்குள்ள வித்துக் காட்டுங்க. வித்தா ஷெட் உங்களுக்கு. இல்லேன்னா மறுநாளே என் மிஷின் உள்ளே, உங்க லைட் வெளியே."

"எழுதிக் குடுக்கட்டுமா?"

"உங்க எழுத்து எனக்கே புரியாது. வித்துக் காட்டுங்க, போதும்."

ஷெட்டுக்கு உள்ளே அவர் செய்த வேலையைப் பார்க்கத்தான் வேண்டும். சுவருக்கும் தரைக்கும் ஒரே மங்கல் சாம்பல் பெயிண்ட். சுவரும் தரையும் சேருகிற மூலை கோடு மாதிரி தெரியக்கூடாது என்று, வளைகிற பலகையை அங்கே சரித்து அடித்துப் பெயிண்டை அதன் மேலும் இழுத்துவிட்டார். கார் அந்தரத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. டியூப் லைட் கண்ணை அடிக்காமலிருக்க அதன் கீழே வெள்ளைத் துணி கட்ட வேண்டும். வீட்டில் வெள்ளைத் துணி என்றால் படுக்கை விரிப்புதான்.

"இருக்கிறதெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிட்டா மனுஷன் எதுல படுக்கிறது?"

"நான் தரையிலதானே படுக்கறேன், பார்க்கலையா?"

போனைக் கையில் பிடித்து எடுக்க மாட்டார். காரின் முன்விளக்கு உயரத்துக்கு ஸ்டாண்டில் மாட்டி, தள்ளிப் போய் நிறுத்தி, அங்கிருந்து ஜூமை இழுத்துத்தான் எடுப்பார். "கிட்டப் போனா காருக்கும் மூக்கு வீங்கும், மனுஷனுக்கும் வீங்கும்" என்பார்.

முதலில் ஒரு வெள்ளைக் காரை எடுத்துப் பார்த்தார். படம் வெண்ணெய் மாதிரி வந்தது. வந்து பார்த்தவர் காரை ஒரு சுற்று சுற்றினார். பக்கவாட்டில் இருந்த நசுங்கலைத் தொட்டார். "படத்துல இருந்தது இதோட தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். தரகர் பொய்யே சொல்லவில்லை. வெளிச்சம் சொல்லியிருந்தது. துணிக்குக் கீழே வருகிற வெளிச்சம் மெத்தென்று இருப்பதால் நசுங்கல், கீறல் எல்லாம் மறைந்துபோயிருந்தன. வாயால் விற்ற காலத்தில்கூட யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. அழகுப் படமெல்லாம் எடுத்து முடித்ததும் எல்லா லைட்டையும் அணைத்துவிடுவார். ஒரே ஒரு டார்ச்சைக் கதவோடு ஒட்டிச் சாய்த்துப் பிடிப்பார். கடுகளவு நசுங்கலும் குழியாக எழுந்து நிற்கும். அதை ஒரு படம் எடுத்து, விளம்பரத்தில் முதல் படமாகவே போட்டுவிடுவார்.

மச்சினன் கார் வந்தது. வேலை கிடைத்து வெளிநாடு கிளம்புகிறவன். கார் கறுப்பு. கறுப்புக் கார் என்றால் சக்கரம் வைத்த கண்ணாடி. எடுத்த முதல் படத்தில் கதவு முழுக்கத் தரகரே பனியனோடு நின்றார். அதைக் கவனிக்காமல் விளம்பரத்தில் ஏற்றிவிட்டார். போன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. "அண்ணே, அந்தப் பனியன்காரரும் காரோட சேர்த்தா, தனியா?" என்று கேட்டார்கள். மறுநாள் மிச்சமிருந்த நல்ல விரிப்பு ஒன்றை எதிரே திரையாகக் கட்டி, நடுவில் போன் கண் அளவுக்கு ஓட்டை போட்டு, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஓட்டையைப் பார்த்த வீட்டுக்காரி கத்திரிக்கோலை எங்கே வைத்தோம் என்று தேடியது துணிக்காக அல்ல.

கடைசியில் டார்ச் படம். பின் கதவில் கேட் இடித்த பள்ளம் ஒன்று.

"மாமா, அதை மட்டும் விட்டுடுங்க. என் காரை ஏன் எக்ஸ்ரே எடுக்கறீங்க?"

"இடிச்சது யாரு மாப்ளே, நானா?"

"சொந்தக்காரன்னு ஒரு இது இல்லையா?"

"சொந்தக்காரன்னுதான் ரெண்டு கோணத்துல எடுத்தேன்."

படம் விளம்பரத்தில் ஏறியது. போன் அடங்கியது. ஒரு வாரம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. மச்சினன் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினான். வீட்டுக்காரி இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து ஷெட் ஜன்னல் பக்கம் மிஷினுக்கு இடம் அளந்துவிட்டுப் போனார். அது வாயால் சொல்வதை விட மோசம்.

"பள்ளத்தை எடுத்துடுங்களேன்" என்றார் ஒரு நாள், சோறு போடும்போது.

"கார்லயிருந்தா, படத்துலயிருந்தா?"

"எதுலயிருந்தாவது."

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். எடுக்கவில்லை.

மாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு அம்மா போன் செய்தார். "அந்தப் பள்ளம் விழுந்த கார்தானே?" டூட்டி முடிந்து அதே உடுப்போடு வந்து, நேராகப் பின் கதவுக்குப் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"அட, இவ்வளவுதானா? கிணறே இருக்கும்னு நினைச்சு வந்தேன்."

"டார்ச் அடிச்சா எல்லாமே கிணறுதாம்மா."

"போற இடத்துலயெல்லாம் படத்துல இல்லாததா கார்ல முளைக்குது. இங்கதான் படத்துல இருந்தது கார்ல குறைஞ்சிருக்கு."

மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டினார், ஓட்டிப் பார்த்தார், மறுநாள் எடுத்துக்கொண்டு போனார். மச்சினன் ஓடி வந்து, "ராசியான பள்ளம் மாமா!" என்றான். "அப்ப உன் பைக்குலயும் ஒண்ணு போடட்டுமா?" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்காரி காலி ஷெட்டைப் பெருக்கிவிட்டு, "சரி, உங்களுக்குத்தான். சொன்னது சொன்னதுதான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் காலையில் தரகர் நடையிலிருந்து ஒரு மிஷினைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து ஜன்னலடியில் வைத்தார். ஸ்டாண்டுக்குப் போய் போனில் பார்த்தார். மிஷினின் கால் ஒன்று படத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

"நகர்த்தட்டுமா?" என்றார் வீட்டுக்காரி.

"நீ உக்காந்து தை. கார் தள்ளி நிக்கும்."

கார் நிற்க வேண்டிய இடத்தைக் காட்ட, தரையில் அவர் நூல் பிடித்துப் போட்ட வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது. ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு, முட்டி போட்டு உட்கார்ந்து, அதை அழிக்க ஆரம்பித்தார்.