அம்மாவுக்கு ஒரு வரி

கண்ணாடித் திரை எதைக் கண்டாலும் நிஷாந்திக்குத் துடைத்தாக வேண்டும். சால்வை நுனி எப்போதும் கையில். பக்கத்து மேசை ஷிஹாமின் போனைக்கூட விடமாட்டாள். "தோல உரிச்சிருவ போல" என்பான் அவன். கந்தப்பளைக் கடைவீதியில், துணிக்கடைக்கு மேலே ஒரே அறை. அங்கிருந்துதான் இருவரும் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொழுந்து எடை பதியும் தரவுத்தளம் செய்து கொடுக்கிறார்கள்.

கணினி சொல்ல வேண்டிய செய்தி ஒன்றை எழுதினால் சத்தமாக வாசிப்பாள். "யாரு? எந்த மலை? என்னா ஆச்சு?" காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் ஆள் கூப்பிடும் வரிசை அது. மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தி அவளிடம் பிழைக்காது.

முன்பு ஆளுக்கொரு பாஷை. பழுது வந்தால் ஷிஹாம் எழுதிய பகுதி "போச்சு" என்னும். இவள் எழுதியது "பிழை ஏழு" என்னும். போன மாதம் பனிமூட்டத்தில் சிக்னல் அறுந்து, அவள் அம்மா வீரம்மா பறித்த கொழுந்து பதிவில் ஏறவில்லை. "எடை போட்டேங்கிற, மிஷின்ல காணோமே?" என்றார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, எல்லார் முன்னாலும். வீரம்மா அன்று சோற்றைத் தொடவில்லை. "என்னைய பொய்க்காரின்னு நெனச்சிட்டாங்க" என்றதோடு சரி.

நிஷாந்தி தோண்டிப் பார்த்தாள். பழுதைச் சொல்லும் செய்தி எழுதப்பட்டுத்தான் இருந்தது. பாதியில் நின்ற பதிவைக் கணினி ரத்துச் செய்தபோது, கூடவே இருந்த செய்தியையும் துடைத்துவிட்டது. திருடன் பொருளோடு சாட்சியையும் தூக்கிக்கொண்டு போன கதைதான். அவளுக்கு அழுகை வந்தது.

இப்போது எல்லாச் செய்திக்கும் ஒரே வாசல், ஒரே வரிசை. தராசிலேயே தனி இடத்தில் செய்தியை எழுதி வைத்த பிறகுதான் மற்ற வேலை. பதிவு அழிந்தாலும் அது இருக்கும்.

"ஒரு வரிக்கா இந்தப் பாடு?" என்றான் ஷிஹாம்.

"எங்கம்மாவுக்கு அந்த ஒரு வரிதானே இல்லாமப் போச்சு."

நேற்றுப் பின்னேரம் எடை போடும் இடத்தில் மறுபடி பனி இறங்கியது. வீரம்மா சாக்கை வைத்தாள், சிக்னல் போனது. பக்கத்தில் நின்ற நிஷாந்தி எட்டிப் பார்த்தாள். தராசின் திரையில் எழுத்து வந்தது. கண்டாக்கையாவே வாசித்தார்: "வீரம்மா. பத்தாம் நம்பர் மலை. கொழுந்து எடை போட்டாச்சு. சிக்னல் வந்ததும் பதிவாகும்." திரும்பி, "அன்னைக்கும் இப்பிடித்தான் ஆகியிருக்கும் போல, வீரம்மா" என்றார்.

வீரம்மா தன் பெயரின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினாள். கொழுந்துக் கறை கண்ணாடியில் அப்பியது. நிஷாந்தியின் கை பழக்கத்தில் சால்வை நுனிக்குப் போனது. பாதியில் நின்று, கீழே இறங்கியது.