டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் காலத்து மீட்டர்

பழைய வண்டிக்கு மீட்டர் மாட்டுகிறவனுக்கு முள் ஓடாவிட்டாலும் திட்டு விழும், ஓடினாலும் திட்டு விழும். பழைய வண்டி வைத்து அவதிப்படுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கோவிந்தாபுரத்தில் எனக்கு ஒரு சின்ன மீட்டர் ரிப்பேர் கடை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சரோஜா அக்கா ஒருநாள் பழைய பெட்ரோல் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டில் அவர் வீட்டுக்காரர் துரைசாமி அண்ணன். அந்த ஜீப்புக்கு யாரோ எப்போதோ ஒரு சரக்கு வேனின் டீசல் எஞ்சினை வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து டேஷ்போர்டில் இருந்த வட்ட மீட்டர் ஒன்றுகூட ஓடவில்லை. எஞ்சினுக்குப் பொருத்தமாகப் புது மீட்டரே வாங்கி மாட்டிவிடலாம் என்றேன். அக்கா தலையாட்டவில்லை.

"எஞ்சின் எதுவா வேணா இருக்கட்டுங்க தம்பி. மூஞ்சி மட்டும் மாறக் கூடாது."

ஆயில்

பழைய ஆயில் மீட்டருக்கு எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய செம்புக் குழாய் வரும். அதில் ஆயிலே ஏறி வந்து முள்ளைத் தள்ளும். குழாய் முனையின் திருகு மரை ஒரு அளவு, டீசல் எஞ்சினின் மரை வேறு அளவு. கொல்லங்கோட்டு லேத் பட்டறையில் பித்தளையில் ஒரு ஜாயின்ட் கடைந்து வாங்கி மாட்டினேன். முள் ஜம்மென்று ஏறியது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மூன்றாம் நாள் இருவரும் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, பாதி வழியிலேயே திரும்பிக் கடைக்கு வந்து நின்றார்கள். மீட்டருக்குப் பின்னால் குழாய் கசிந்து, அண்ணனின் பட்டு வேட்டி முழங்கால் வரை கறுப்பு. அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஆயில் இருக்குதான்னு முள்ளப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்னு சொன்னீங்க. எனக்கு வேட்டியப் பாத்தே தெரியுதுங்க தம்பி."

எண்பது

கியர்பாக்ஸும் அந்த வேனுடையதுதான். அதில் பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கோர்த்தால் முள் இரண்டு மடங்குக்கு மேல் ஓடியது. நேர் பண்ண ஒரு சின்ன பல்சக்கரப் பெட்டி செய்ய வேண்டும், பத்து நாள் பொறுங்கள் என்றேன். அக்கா பொறுக்காமல் வண்டியை எடுத்துப் போய்விட்டார். வயல் நடுவே நேர் ரோடு. முள் எண்பதில் நிற்கிறது. அண்ணன் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி, மெதுவாப் போ, மெதுவாப் போ என்கிறார். அக்காவும், அவர் சொன்னதற்காக இல்லை, முள்ளைப் பார்த்துத்தான், குறைத்துக்கொண்டே போயிருக்கிறார். அப்போது இரண்டு கேனோடு மொபெட்டில் வந்த பால்காரர் அவர்களைத் தாண்டிப் போய், சந்தேகப்பட்டுத் திரும்பி வந்தார்.

"ஏனுங்க்கா, வண்டி மக்கர் பண்ணுதுங்களா? தள்ளி உடட்டுங்களா?"

சூடு

இதுவரை சொன்னது சிரிப்பு. இது என் தப்பு. எஞ்சின் சூட்டை அறிந்து சொல்லும் சென்சார் டீசல் எஞ்சினுடையது, முள் பெட்ரோல் காலத்து மீட்டருடையது. இரண்டையும் இணைத்தேன். முள் கால்வாசிக்கு ஏறி நின்றது. சரியாகத்தான் காட்டுகிறது என்று நம்பி அனுப்பிவிட்டேன். கொதிக்கும் தண்ணீரில் சென்சாரைப் போட்டு ஒருமுறை சோதித்திருக்க வேண்டும். சோம்பல்.

அக்காவின் தங்கைக்குக் கம்பம்மெட்டில் ஏலத்தோட்டம். பின்னால் தேங்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இருவரும் மலை ஏறினார்கள். பாதி மலையில் அண்ணன், ஏதோ வாசம் வருது, நிறுத்து என்றார். முள் கால்வாசியிலேயே இருந்தது. பேசாம வாங்க என்றார் அக்கா. அண்ணன் விடவில்லை. நிறுத்தி பானெட்டைத் திறந்தால் ஆவி. ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுக்கப் போயிருந்தது. இன்னும் இரண்டு வளைவு ஓடியிருந்தால் எஞ்சின் இறுகிப் பிடித்து நின்றிருக்கும், அந்தச் சரிவில்.

வண்டியைக் கட்டி இழுத்துத் தங்கை வீடு சேர்ந்ததும் அக்கா எனக்குப் போன் செய்தார். பழைய மீட்டருக்குப் பொருந்தும் சென்சாரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலை தங்கை வீட்டு அடுப்பில் பாத்திரம் வைத்து, தண்ணீர் கொதிக்கக் கொதிக்க முள் ஏறுவதை அவர்களுக்குக் காட்டினேன். மன்னிச்சுக்கங்க அக்கா என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, காபி குடித்துக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார்.

"கட்டுன நாள்ல இருந்து இவரு பேச்ச நான் கேட்டதில்லீங்க தம்பி. நேத்துதான் மொதத் தடவ கேட்டேன். அதனால பொழச்சோம்."

இப்போதெல்லாம் மீட்டர் சரியாகக் காட்டுமா என்று கேட்பவர்களிடம், காட்டும், ஆனால் பக்கத்தில் உட்காருகிறவர் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுக்கிறேன்.