நெல்லூருக்குப் போன வழி

எனக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தது யுத்தம். அவசரத்தில் பாதிதான் கற்றுக்கொடுத்தது. அஸ்ஸாம் பக்கம் கான்வாயில் நாற்பது வண்டிகள் வரிசையாகப் போகும். முன்னால் போகிறவனின் பின்கதவையே பார்த்துக்கொண்டு போக வேண்டும். அவன் நின்றால் நிற்க வேண்டும். வழி தேடும் வேலை இல்லை. பின்னால் எடுக்கும் வேலையும் இல்லை. எடுத்தால் அங்கே இன்னொருத்தன் இருப்பான். யுத்தம் முடிந்து ராயபுரம் திரும்பியபோது கையில் லைசென்ஸ் இருந்தது, ரிவர்ஸ் மட்டும் வராது.

இது தெரியாத ஒரு முதலாளி என்னை வேலைக்கு எடுத்து, லோக்கலா லைனா என்று கேட்டார். லோக்கல் என்றால் ஹார்பரில் ஏற்றி வண்ணாரப்பேட்டை, மண்ணடிக் கிடங்குகளில் இறக்குவது. அந்தச் சந்துகளில் நாளெல்லாம் ரிவர்ஸ்தான். லைன் என்றால் நெல்லூர், பெஜவாடா. நேராகப் போய் நேராக வரலாம். அவர் கேட்டு முடிப்பதற்குள் லைன் என்றேன். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு முடிவைச் சொல் என்றார்.

கல்யாணமாகி ஐந்து மாதம். பெண் பார்க்கப் போன அன்றே, ஊசியில் நூல் கோப்பதுபோல் மண்ணடிச் சந்தில் லாரியை நுழைப்பேன் என்று அளந்துவிட்டிருந்தேன். அதனால் மனைவியிடமும் உண்மையைச் சொல்ல வழியில்லை. லைன் டிரைவருக்குத்தான் மரியாதை என்றேன்.

"மரியாதைய இன்னா, கொழம்புல போட்டுத் துன்றதா? பொழுது சாஞ்சா வூட்டுக்கு வர்ற ஆளுன்னுதான் கழுத்த நீட்னேன்" என்றாள். ஆனாலும் ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள்.

காலையில் துணி மூட்டைகளோடு கிளம்பினோம். கிளீனர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மூட்டைமேல் ஏறிப் படுத்ததும் தூங்கிவிட்டார். தண்டையார்பேட்டையில் இடதுபக்கம் திரும்பி மாதவரம் வழியாகப் போகச் சொல்லி முதலாளி மூன்று முறை சொல்லியிருந்தார். ஆனால் மாட்டு வண்டிகளுக்கும் ரிக்‌ஷாக்களுக்கும் நடுவே என் மூளை வெந்துகொண்டிருந்தபோது, முன்னால் ஒரு பழைய மிலிட்டரி லாரி வந்து சேர்ந்தது. அப்பாடா. கண் அதன் பின்கதவில் ஒட்டிக்கொண்டது.

திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி, திருவொற்றியூர் கோபுரம் தெரிந்தது. ராயபுரத்தில் பிறந்தவனுக்கு அந்தக் கோபுரம் தெரியாதா? தெரிந்தது. கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டேன். ஆனாலும் முன்வண்டி போகிறதே, அவனுக்குத் தெரியாமலா போவான்? எண்ணூரில் அது ஒரு மண் வரப்பில் இறங்கியது. நானும் இறங்கினேன். வெகுதூரம் உள்ளே போய் அது நின்றது. நானும் நின்றேன்.

அதன் டிரைவர் இறங்கி வந்தான். "இன்னா மாமு, நீயும் உப்பு ஏத்தவா?"

நெல்லூருக்கு என்றேன்.

அவன் திரும்பி உப்பளத்தை நாலு பக்கமும் பார்த்தான். "பத்து வருசமா வந்துகினு கீறேன். ஒரு தபா கூட நெல்லூரு கண்ணுல படலயே."

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் பாய் எழுந்தார். எங்கு பார்த்தாலும் வெள்ளைக் குவியல். தூக்கத்திலேயே மௌத்தாகி மேலே போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

வரப்பு ஒரு வண்டி அகலம். இரண்டு பக்கமும் பாத்தித் தண்ணீர். உப்பு வண்டி தினமும் ரிவர்ஸில்தான் வெளியே போகுமாம். அதற்கு முதலில் நான் போக வேண்டும். என் முகத்தைப் பார்த்து இரங்கி, தானே எடுத்துத் தருவதாக அந்த டிரைவர் சொன்னான். நான் ஒரு காலைக் கீழே வைத்துவிட்டேன். பாய் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"நைனா, உனுக்கு ரிவர்ஸ் வராதுன்னு ஷெட்ல அல்லாருக்கும் தெரியும். மொதலாளிக்கு மட்டும்தான் தெரியாது. இவன் எட்த்துக் குட்த்தான்னா நாளிக்கு அவருக்கும் தெரிஞ்சிரும், வேல பூடும். ஏறிக் குந்து."

குந்தினேன். பாய் வண்டியின் பின்னாலேயே நடந்து பலகையைத் தட்டினார். ஒரு தட்டு இடது, இரண்டு தட்டு வலது, ஓங்கி அறைந்தால் நிறுத்து. நான் ராயபுரம் மாதாவுக்கு மெழுகுவத்தி, திருவொற்றியூர் அம்மனுக்கு மொட்டை, தர்காவுக்குப் போர்வை என்று வேண்டிக்கொண்டே வந்தேன். நடுவில் பின்சக்கரம் சரிந்தது. சிரித்த பெண்களே வந்து தள்ளினார்கள். அந்த நன்றிக்குப் புளிச்சோறு முழுவதும் அவர்களுக்கே போயிற்று. உச்சிவெயிலில் தார்ரோட்டை எட்டியபோது என் கழுத்து பின்பக்கமாகவே நின்றுவிட்டது. ஆனால் ரிவர்ஸ் வந்துவிட்டது. உப்பு டிரைவர் போகிறபோது ஆரன் அடித்து, நெல்லூரைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

மாதவரம் வழியாக நெல்லூருக்கும் போய்த்தான் வந்தோம். வந்ததும் முதலாளியிடம் லோக்கல் என்றேன். காரணம் கேட்டார். வீட்டில் ஆசைப்படுகிறாள் என்றேன். பாய் மேலே கூரைத் தகரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

மனைவியிடம், எல்லாம் உனக்காகத்தான் என்றேன். அவள் முகம் பூரித்துப்போயிற்று. இரண்டு நாள் வஞ்சிரக் குழம்பு, மூன்றாம் நாள் கோழி. நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. தெய்வத்தோடு விளையாடக் கூடாது என்று திருவொற்றியூர் போய்விட்டு, சந்தனம் பூசிய மண்டையோடு வாசலில் வந்து நின்றேன்.

கரண்டியும் கையுமாக என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எனுக்காவ லோக்கல் ஓட்றதுக்கு எதுக்குய்யா மொட்ட?"